ராஜபாண்டியின் பெயரில் இறந்தவர்

சங்கரன்கோவில்
3 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய பொங்கியண்ணன் ஐயா அவர்களுக்கு,

நேற்று மாலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் பெருமாள்சாமி எனக்குப் போன் செய்தார். மதுரையில் இருந்து வரும் பாசஞ்சர் வந்து போய்விட்டது, அம்மா இன்னும் பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், வந்து அழைத்துப் போங்கள் என்றார். நேற்றோடு இருபத்தோரு நாள்.

என் பெயர் ஆஷா. இங்கே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். உங்களைப் பற்றி எடுத்த படத்தை அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுடன் தியேட்டரில் பார்த்தேன். திருப்பூரில் ஒரு நிருபருக்கும் கடை வாசலில் படுத்துக்கிடக்கும் ஒரு மனிதருக்கும் ஏற்படும் சிநேகிதம். அந்த மனிதரைப் படம் முழுக்க 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த மாஸ்டர் படுப்பதற்கு முன்னால் அட்டைப் பெட்டியை விரித்து, உள்ளங்கையால் மூன்று முறை நீவி, இரண்டு மூலைகளையும் இழுத்துவிடுவார். அப்போது அம்மா என் கையைப் பிடித்தாள். என் அப்பா சுடலை திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். வீட்டில் பாயை அப்படித்தான் விரிப்பார். பிறகு படத்தில் அவருடைய இடது முன்கையைக் காட்டினார்கள். தோணி மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

அப்பா வீட்டை விட்டுப் போனது 2011-இல். குடிதான் காரணம். படத்தின் கடைசியில் நிருபர் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார், மாஸ்டர் தெற்கே போகும் ரயிலில் ஏறுகிறார், கை காட்டுகிறார். 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்து வருகிறது, உங்கள் போட்டோவும் வருகிறது. மறுநாளில் இருந்து அம்மா சாப்பாட்டுத் தூக்குடன் ஸ்டேஷனுக்குப் போகிறாள்.

"படம்னா நடிக்கிறவங்கம்மா" என்றேன்.

"தழும்பும் நடிப்பாட்டீ?" என்று கேட்டாள்.

எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அவர் என் அப்பாதானா? ரயில் ஏறினாரா? உயிரோடு இருக்கிறாரா? போனில் சொல்ல வேண்டாம். போனில் சொன்னதை அம்மாவிடம் காட்ட முடியாது. எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சு. ஆஷா


திருப்பூர்
10 நவம்பர் 2025

ஆஷா அம்மணிக்கு,

உங்கள் கடிதம் 7-ம் தேதி வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் இருந்து தம்பி தரணி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவரை நான் முதலில் பார்த்தது 2018 ஆடி மாதம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நூல் கடை ஒன்றின் வாசலில் படுத்திருப்பார். காலை ஐந்தே முக்காலுக்கு அங்கேதான் பேப்பர் கட்டு இறங்கும். நான் எழுதிய செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவேன். ஒரு நாள் அவராகவே கூப்பிட்டார்.

"என்ன வே, நீருதான் இதெல்லாம் எழுதுதீரா? பஸ் ஸ்டாண்டுல இருந்து எட்டுப் பேர வெளியேத்தினாங்கன்னு போட்டிருக்கீரு. தப்பு. ஒம்பது."

"ஒம்போதாவது ஆளு யாருங்க?"

"நாந்தான். என்னைய எண்ணாம விட்டுட்டீரு."

அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் தினமும் காலையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். பேப்பரைக் கடைசிப் பக்கத்தில் இருந்து படிப்பார். பிழை கண்டுபிடித்தால் அன்றைக்கு டீ என் செலவு. பெரும்பாலும் என் செலவாகத்தான் இருந்தது. பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். அயர்ன் மாஸ்டராக இருந்தேன் என்று மட்டும் சொன்னார். தழும்பு உண்மை. படம் எடுத்தவர்களுக்கு அதைச் சொன்னது நான். அட்டையை நீவுவதையும் நான்தான் செய்து காட்டினேன்.

ரயில் காட்சி இயக்குநர் எழுதியது. அவர் ரயில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தது 2021 மே 29, சனிக்கிழமை.

உங்கள் அப்பாவின் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா? போட்டோவைப் பார்க்காமல் உறுதியாக எழுதுவது சரியாக இருக்காது.

அன்புடன்,
பொங்கியண்ணன்


சங்கரன்கோவில்
15 நவம்பர் 2025

ஐயா,

இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். 2009-இல் ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அசல் அம்மாவிடம் இருக்கிறது. இது நகல்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். நீங்கள் ஒன்றரைக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியை நீங்கள் தொடவே இல்லை. 'கடைசியாகப் பார்த்தது' என்று ஒரு தேதி எழுதுகிறீர்கள். அதில் கிழமை கூட இருக்கிறது. ஒரு மனிதரைக் கடைசியாகப் பார்த்த நாளின் கிழமையை நான்கு வருடம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அந்த நாளில் ஏதோ நடந்திருந்தால்தான் நினைவிருக்கும்.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வியாழக்கிழமை அம்மா ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்துவிட்டாள். சர்க்கரை இருக்கிற உடம்பு. முழங்கால் கிழிந்து, புண் இன்னும் காயவில்லை. வெள்ளிக்கிழமை அதே காலோடு போனாள். டீ விற்கிற பெண், "பாட்டி, இந்த வண்டியிலதான் வாராருன்னு சொன்னாரா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா சொன்னாளாம், "எந்த வண்டின்னு சொல்லல. அதனாலதான எல்லா வண்டியும் பாக்க வேண்டியிருக்கு."

மாலை வண்டி மட்டும் இல்லை. இப்போது காலை வண்டிக்கும் போகிறாள்.

உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நான் சின்னப் பிள்ளை இல்லை.

ஆஷா


திருப்பூர்
21 நவம்பர் 2025

ஆஷா அம்மணிக்கு,

போட்டோவில் இருப்பவர் மாஸ்டர்தான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அவர் 2021 ஜூன் 2, புதன்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு இறந்துவிட்டார். கொரோனா இரண்டாம் அலை. அன்றே மாநகராட்சியின் மின் மயானத்தில் தகனம் நடந்தது. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பதிவேட்டில் 'நண்பர்' என்று கையெழுத்துப் போட்டேன். சாம்பலை ஒரு கலயத்தில் கொடுத்தார்கள். கொடுமுடிக் காவிரிக்குப் போக அப்போது வழி இல்லை. நொய்யல் ஆற்றில் கரைத்தேன். சாயப்பட்டறைகள் மூடியிருந்ததால் தண்ணீர் அன்று தெளிவாக இருந்தது.

இதை முந்தைய கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் உண்டு. அது நியாயமான காரணம் இல்லை.

அந்த மே மாதம் ஊரடங்கு. கம்பெனிகள் மூடிவிட்டன. ஊருக்குப் போக வேண்டிய தொழிலாளர்களுக்கு இ-பாஸ் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய ஆதார் நகல்கள் என் சட்டைப் பையில் கட்டாக இருக்கும். 29-ம் தேதி காலை போனபோது மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் நீண்ட வரிசை. கவுண்டரில் ஆதார் கேட்டார்கள். அவரிடம் ஒன்றும் இல்லை. பின்னால் நின்றவர்கள் "சீக்கிரமுங்க, சீக்கிரமுங்க" என்றார்கள். நான் சட்டைப் பையில் இருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தேன். ராஜபாண்டி, வயது 49, விருதுநகர் பக்கம். கட்டிங் மாஸ்டர். இரண்டு நாளைக்கு முன்புதான் ஊருக்குப் போயிருந்தார். நகலில் முகம் வெறும் கறுப்பாக இருந்தது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அங்கே இருந்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. படுக்கை கிடைத்தது.

பிழைத்துவிடுவார், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் ராஜபாண்டியாக இறந்தார். இறப்புப் பதிவும் அப்படியே ஆனது.

ஆகஸ்ட் மாதம் எங்கள் சிநேகிதத்தைப் பற்றி ஞாயிறு மலரில் எழுதினேன். 'ஒரு நாள் காலை அவர் அங்கே இல்லை' என்று முடித்தேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் அதை வைத்துத்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். படம் எடுக்க வந்தவர், மாஸ்டர் எங்கே போனார் என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப ரயில்ல அனுப்பிடலாம் சார், ஜனங்க அழுதுட்டே சிரிச்சுட்டுப் போவாங்க" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

படத்தை நான் என் மனைவி சாரதாமணியுடன் பார்த்தேன். படத்தில் நான் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போட்டுச் சாப்பாடு போடுகிறேன். பக்கத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். சாரதாமணி என் காதருகே குனிந்து கேட்டாள், "அவரு எப்பங்க நம்ம ஊட்டுக்கு வந்தாரு?"

ஒரு முறை கூட நான் கூப்பிடவில்லை. மூன்று வருடம் டீக்கடை வரைக்கும்தான்.

இப்போது அவசரமான விஷயம். ராஜபாண்டி திருப்பூருக்குத் திரும்பிய பிறகு, தான் இறந்துவிட்டதாகப் பதிவாகி இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு வருடமாக அலைகிறார். பதிவை ரத்து செய்யக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் டிசம்பர் 8, திங்கட்கிழமை விசாரணை. அவருடைய நகலைக் கொடுத்தது யார் என்று அவருக்கு இன்று வரை தெரியாது. அன்று சொல்லப்போகிறேன்.

பொங்கியண்ணன்


சங்கரன்கோவில்
28 நவம்பர் 2025

ஐயா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை முடிந்ததும், "பேப்பர்ல என்ன பேரு போட்டிருக்கு?" என்றாள்.

"ராஜபாண்டி."

"அப்ப அந்த ராஜபாண்டி பொண்டாட்டிட்ட போயி அழச் சொல்லு. என்கிட்ட எதுக்கு வாசிக்க?"

"அம்மா, அவர் உயிரோட இருக்காரு. செத்தது அப்பா."

"ஏட்டீ, எழுதினவரே தப்பா எழுதிட்டேங்காரு. முதல்ல எழுதினது தப்புன்னா இப்ப எழுதினது மட்டும் எப்படிச் சரியாகும்? படத்துல ரயிலு, பேப்பர்ல ராஜபாண்டி, கடுதாசில உங்கப்பா. ஒரு ஆளு எத்தன தடவ போவாரு?"

தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அதை மறுக்கும் உரிமை எனக்கு இல்லை, ஏனென்றால் நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அப்பா இருந்த இடம் எனக்கு முன்பே தெரியும். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்தேன். ஹாஸ்டல். மாதம் ஒரு ஞாயிறு வெளியே விடுவார்கள். 2014 சித்திரையில் ஹாஸ்டல் பிள்ளைகளோடு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அவர் ஒரு கடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி, அழுக்கு வேட்டி. "யாருடீ அது, ஒன்னையே பாக்காரு" என்று கூட வந்தவள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நடந்துவிட்டேன். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். ராஜபாண்டி அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டால், அன்று ஒரு மனிதர் இறந்தார் என்பதற்கே காகிதம் இருக்காது. அம்மா சாகும் வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பாள். ரத்து செய்ய விடாதீர்கள். பெயரை மாற்றச் சொல்லுங்கள். 'சுடலை' என்று அரசாங்க முத்திரையோடு வந்தால் அம்மா நம்புவாள். அவளிடமே கேட்டுவிட்டேன். "சீலு வச்சுத் தரட்டும், பார்ப்போம்" என்றாள்.

ஆஷா


திருப்பூர்
9 டிசம்பர் 2025

ஆஷா அம்மணிக்கு,

நேற்று விசாரணை நடந்தது. உத்தரவு எதுவும் வரவில்லை. அடுத்த தேதி 2026 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. இது அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்தது. நகல் வைத்திருக்கிறேன்.

ராஜபாண்டியைக் காலையிலேயே வராந்தாவில் பார்த்தேன். உள்ளே போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்களா சார்?" என்றார். "ரேஷன் கடையில எம் பொண்டாட்டிகிட்ட துக்கம் விசாரிக்கிறாங்க. நான் பக்கத்துல சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். போன வருசம் லோன் கேட்டு பேங்குக்குப் போனா, வாரிசு யாருன்னு கேட்குறான். உங்க பேருல எவனாச்சும் இப்படிச் செஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? பேப்பர்ல எழுதிக் கிழிச்சிருப்பீங்கள்ல?"

ஆமாங்க என்றேன்.

உள்ளே என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தேன். தவறான ஆவணம் கொடுத்ததற்கு என் மேல் வழக்கு வரலாம் என்று அதிகாரி சொன்னார். வரட்டும். பிறகு அவர் கேட்டது இது: "இறந்தது ராஜபாண்டி இல்லைன்னு ராஜபாண்டியே வந்து நிக்கிறார், அது சரி. சுடலைதான்னு யார் சொல்றது? நீங்க ஒரு தடவை தப்பா சொன்னவர். உடம்பும் இல்லை, சோதனை செய்யறதுக்கு." நீங்கள் அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். உங்கள் கடிதத்தில் 2014-இல் பார்த்ததை எழுதியிருந்த பக்கத்தைக் காட்டவில்லை. அதை நீங்களே சொல்ல வேண்டும். மகள் சொல்வது துணைச் சாட்சியாக இருக்கும், ஆனால் மனைவி நேரில் வந்து, தழும்பையும் அடையாளத்தையும் சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். அவர் வந்தால் பெயர் மாற்றத்தைப் பரிசீலிக்கலாம். வராவிட்டால் அன்றே பதிவு ரத்தாகும்.

நாளைத் தள்ளிப்போடுவதற்கு ராஜபாண்டியின் சம்மதம் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் சொன்னார், "அந்தம்மா புருசனுக்காக ஜனவரி ஆறு வரைக்கும் செத்தவனா இருக்கேன் சார். ஏழாந்தேதி இருக்க மாட்டேன். எம் மகளுக்குத் தை மாசம் கல்யாணம். பத்திரிகையில எம் பேரு போடணும்."

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுக்கக் கூப்பிட்டேன். வேண்டாமென்று போய்விட்டார்.

அம்மாவை அழைத்து வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். சாரதாமணி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

பொங்கியண்ணன்


சங்கரன்கோவில்
22 டிசம்பர் 2025

ஐயா,

ஜனவரி 5-ம் தேதி திருப்பூர் பஸ்ஸில் இரண்டு இருக்கை பதிவாகிவிட்டது. எண் 17, 18. ரசீது கையில் இருக்கிறது. வீட்டில் தங்கச் சொன்னதற்கு நன்றி. தங்குவோமா என்று இப்போது சொல்ல முடியாது.

அம்மாவிடம் சனிக்கிழமை 2014-ஐச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "மெலிஞ்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். மெலிந்திருந்தார் என்றேன். மாலை வண்டிக்குப் போனாள்.

கையெழுத்து வைக்க வருகிறாயா என்று நேற்றுக் கேட்டேன். "வாரேன். ஆனா நான் அங்க வந்து நிக்கையில, அவரு இங்க வந்து எறங்கினா?" என்றாள். அவரது பெயரை இறந்தவர் பதிவில் எழுதக் கிளம்பும் பயணத்துக்கு, அவர் வந்துவிடுவாரோ என்ற பயம்தான் தடை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்திருக்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் பெருமாள்சாமி இரண்டு நாளும் பணியில் இருந்தால் வருவாள். அப்பாவின் போட்டோவை அவர் ஒருவரிடம்தான் காட்டியிருக்கிறாளாம். நான் அவரைப் போய்ப் பார்த்தேன். அம்மாவும் கூட வந்தாள்.

"நான் இருந்தா பாத்துக்குறேம்மா. வந்தா ஒக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து, ஒங்களுக்குப் போன் போடுதேன். ஆனா இப்ப மதுரைக்கு மாத்தம் கேட்டிருக்கேன். வந்திருச்சுன்னா நான் என்ன செய்ய?"

"மாத்தம் ஏழாந்தேதி வாங்கிக்கிடும் வே" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, அம்மாவின் முழங்கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண் ஆறவில்லை. அந்தக் காலின் விரல் ஒன்று கறுக்கிறது, வைத்தியத்தை ஜனவரிக்குப் பிறகு தள்ளிப்போடக் கூடாது என்கிறார் மருத்துவர்.

ராஜபாண்டியிடம் சொல்லுங்கள், அவர் கொடுத்த நாட்களுக்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன். அம்மா வராவிட்டாலும் நான் வருவேன். என்னுடைய வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு, அவர் பதிவு ரத்தாவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

ஜனவரி மாதப் பணிப் பட்டியல் 31-ம் தேதி, புதன்கிழமை மாலை ஸ்டேஷனில் ஒட்டப்படும் என்று பெருமாள்சாமி சொன்னார். அதில் 5, 6 தேதிகளுக்கு எதிரே யார் பெயர் என்று பார்த்த பிறகுதான் அம்மா பதில் சொல்வாள். அன்று இரவே உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

ஆஷா